வாங்காத சோள ரொட்டி

அக்டோபர் 14, செவ்வாய், இரவு

அருங்காட்சியகத்தில் இன்று ஒரு தவறு செய்தேன். யாரும் அதைத் தவறென்று சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

கனடாவின் வெண்டாட் பழங்குடியைச் சேர்ந்த ஒரு அம்மாள் வந்திருந்தார். பிரெஞ்சுக்காரர்களோடு பீவர் தோல் வியாபாரம் நடந்த காலத்தில் அவருடைய முன்னோர் கொடுத்த சிப்பிமணிகளால் நெய்த பட்டை ஒன்று எங்கள் சேமிப்பறையில் இருக்கிறது. அதிலுள்ள உருவங்களுக்கு என்ன அர்த்தம் என்று சொல்வதாகப் போனில் ஒப்புக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்ததும் துணியில் சுற்றிய சோள ரொட்டியை நீட்டினார். "முதல்ல இதை வாங்கிக்கோங்க. அப்புறம் பேசலாம்" என்றார் பிரெஞ்சில்.

"மன்னிக்கணும் மேடம், வர்றவங்ககிட்ட நாங்க எதுவும் வாங்கக் கூடாது. விதி."

ரொட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதன்பின் நான் கேட்டதற்கெல்லாம் "ஞாபகம் இல்லை" என்றார். பத்து நிமிடத்தில் "மெர்சி" என்று நன்றி சொல்லிக் கிளம்பிவிட்டார்.

கீழ்க்கூடத்தில் ஒரு தகவல் பலகை இருக்கிறது. பரிசு கைமாறாமல் பேசும் பேச்சை இம்மக்கள் பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை, பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கற்ற பிறகே நட்பும் வியாபாரமும் நிலைத்தன என்று அதில் இருக்கும். எழுதியவள் நான்தான்.

சாயங்காலம் நான் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் வீட்டுப் படியேறும்போது எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா கிண்ணத்தோடு நின்றிருந்தார். "கத்தரிக்காய்க் கறி வச்சனான். ஆறமுன்னம் சாப்பிடுங்கோ."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். எந்த விதியும் ஞாபகத்துக்கு வரவில்லை.