நாற்பது சென்டிமீட்டர் இருக்கை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அக்கா, அவள் வீட்டுக்காரர், குழந்தை எல்லாரும் சௌக்கியம். அப்பாவும் சௌக்கியம் என்று சேர்த்து எழுதிவிடலாம்தான், ஆனால் கை வரவில்லை, அதைக் கீழே சொல்கிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கம் கெடாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்ததுமே "அம்மா, மீட்டிங் இருக்கு, சுருக்கமா சொல்லு"ன்னு சொல்கிறாய். இது சுருக்கமாகச் சொல்கிற சங்கதி இல்லை. தவிர, கோபம் வந்தால் எனக்கு நாக்கு குழறும், எழுதும்போது குழறாது.

நம் வழித்தடத்தில் புது ரயில் விட்டதும் நீ அதன் படத்தை எங்கேயோ பார்த்து எனக்கு அனுப்பினாயே, "நம்ம ஊரும் முன்னேறிடுச்சும்மா"ன்னு. படத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. தானாகத் திறக்கிற கதவு, அடுத்த நிலையம் எது என்று எழுத்து ஓடுகிற பலகை, வெள்ளை வெளேரென்று உள்பக்கம். படம் எடுத்தவன் காலி வண்டியில் எடுத்திருக்கிறான். பழைய வண்டியில் ஒரு பெட்டிக்கு எழுபத்திரண்டு பேர் உட்காருவோம், எதிரும் புதிருமாக, கால் முட்டினாலும் உட்கார்ந்துதான் போவோம். இதில் முப்பத்து நான்கு. சுவர் ஓரமாக இரண்டு பக்கமும் வழவழவென்று பிளாஸ்டிக் பலகை, நடுவில் பிரிக்கக் கைப்பிடி கூடக் கிடையாது, பிரேக் போட்டால் வரிசை முழுக்க ஒருவர் மேல் ஒருவர் சரிந்து ஓரத்தில் இருப்பவரின் விலா எலும்பு கம்பியில் போய் இடிக்கிறது. மற்றவர்கள் எல்லாம் எழுபது நிமிடம் நின்றுகொண்டு வர வேண்டியது. நான் எட்டு மணி நேரம் வெட்டு மேசை முன்னால் நின்று சீருடைத் துணி வெட்டிவிட்டு வருகிறவள், எனக்கு அது பழகிவிட்டது என்றே வைத்துக்கொள். அப்பாவுக்கு?

வாரத்தில் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ் என்பது உனக்குத் தெரியும். அது முடிந்து வெளியே வரும்போது எப்படி இருப்பார் என்பது உனக்குத் தெரியாது, நீ போன பிறகுதானே ஆரம்பித்தது. நாலு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே விடுகிறார்கள், முடிந்ததும் ஆள் பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கிறார். ஊசி குத்திய இடது கையைத் தூக்கக் கூடாது. புது வண்டியில் பிடித்துக்கொள்ள இருக்கிற வளையங்களோ தலைக்கு மேலே தொங்குகின்றன. நான் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு ஐந்து பத்து வண்டியில் ஏறுவேன். நோயாளிகளுக்கு என்று பெட்டிக்கு நாலு மஞ்சள் இருக்கை உண்டு. அதில் உட்கார்ந்திருக்கிறவர்கள் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுகிறார்கள். நான் கேட்கலாம் என்று வாயெடுத்தால் அப்பா என் முந்தானையை இழுப்பார், வேண்டாம் என்று.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. அப்பா ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்தபடியே சறுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. கட்டுக்கு மேல் ரத்தம் கசிந்திருந்தது, நான் என் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு பக்கத்தில் குந்தினேன். அப்போது டிக்கெட் பரிசோதகர் வந்தார். சின்ன வயசு, சட்டை கசங்காத ஆள். "ஐயா, தரையில உக்காரக் கூடாது, எழுந்திருங்க, வழியை மறைக்கிறீங்க"ன்னார். அப்பா என்ன செய்தார் தெரியுமா? "மன்னிச்சுக்குங்க"ன்னு சொல்லிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர்டா அவர். ஏறின பெரியவர்கள் உட்கார்ந்தாச்சா என்று கண்ணாடியில் பார்க்காமல் ஒரு நாள் கியரைத் தொட்டதில்லை. தாமதம் என்று எத்தனை தடவை மெமோ வாங்கியிருக்கிறார் அதற்காக. அந்த மனுஷன் உட்கார்ந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறார். "அவரு எழுந்திரிக்க மாட்டாரு, நீ வேணா எங்க ரெண்டு பேரையும் தூக்கிட்டுப் போ"ன்னேன். அவன் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருக்கிறது, அது உன் மேல். மறுநாள் நீ பேசியபோது அப்பா விழுந்ததைச் சொல்லாமல், நின்றுகொண்டு வருவது சிரமமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். நீ என்ன சொன்னாய்? "எல்லா ஊர்லயும் நின்னுக்கிட்டுதான்ப்பா போறாங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க"ன்னாய். சரிப்பா என்று வைத்துவிட்டார். அதற்கு மறுநாள் சனிக்கிழமை கிளம்பச் சொன்னால், "உடம்பு நல்லாத்தான் இருக்கு, வாரத்துக்கு ரெண்டு தடவை போதும்"னு படுத்துக்கொண்டார். நானும் அக்காவும் சொல்லிப் பார்த்தோம், அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை கால் இரண்டும் வீங்கிவிட்டது. திங்கட்கிழமை படுத்தால் மூச்சு வாங்குகிறது. அக்கா வீட்டுக்காரர் பக்கத்துக் கடைக்காரரின் வேனில் ஏற்றிக்கொண்டு ஓடினார். டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார், "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா நான் பொறுப்பில்லை"ன்னு. மூன்று நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அப்பா சத்தியம் வாங்கினார். சத்தியம் போகட்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

அந்த மூன்று நாளில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ரயில்வேக்காரர்கள் நகராட்சி மண்டபத்தில் பயணிகளிடம் கருத்துக் கேட்கப்போவதாக நிலையத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். போய்ப் புலம்பினால் குறித்துக்கொள்கிறோம் என்று அனுப்பிவிடுவார்கள். எனக்குத் தெரிந்தது அளவு எடுப்பதுதான். டேப்பை எடுத்து வண்டியில் ஒரு ஆளுக்கு விட்டிருக்கிற இடத்தை அளந்தேன், நாற்பது சென்டிமீட்டர். பிறகு நாலு நாள் சாயந்தரம் நடைமேடையில் நின்று, கூட வருகிற ஜனங்களைத் தோளுக்குத் தோள் அளந்தேன். எங்கள் கம்பெனியில் பொத்தான் துளை தைக்கிற காஜா பிரிவு அக்கா, ஊரே கேட்கிற மாதிரிச் சிரிப்பாளே, அவள்தான் நோட்டில் எழுதினாள். "மாப்பிள்ளைக்குக் கோட்டு தைக்கவா?"ன்னு ஆம்பிளைகள் கேலி செய்தார்கள், ஆனால் நின்று அளவு கொடுத்தார்கள். ஐம்பத்தெட்டுப் பேர். நாற்பதுக்குள் அடங்கியவர்கள் ஒன்பதே பேர், அதில் இரண்டு பேர் கல்லூரிப் பெண்கள்.

கூட்டத்தில் அதிகாரி திரையில் படம் போட்டு விளக்கினார். இருக்கையைக் குறைத்ததால் நாற்பது சதவீதம் பேர் அதிகமாகப் போகலாமாம், இருக்கை சராசரி மனித உடலுக்காக வடிவமைத்ததாம். பார்வைக்கு மூன்று பேர் உட்காரும் மாதிரி இருக்கை ஒன்றைக் கொண்டுவந்து மேடை பக்கத்தில் வைத்திருந்தார்கள். நான் எழுந்து நோட்டை நீட்டி, "எந்த ஊரு சராசரிங்க இது? எங்க ஊரு அளவு இதுல இருக்கு"ன்னேன். அவர் சிரித்து, கணக்கெல்லாம் நிபுணர்கள் போட்டதும்மா என்றார். "சரிங்க, நீங்களே நடுவுல உக்காந்து காட்டுங்க"ன்னேன். வந்து உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் கிடங்கில் மூட்டை தூக்குகிற இரண்டு பேரை உட்காரச் சொன்னேன். அதிகாரி இரண்டு தோளையும் முன்னால் மடக்கிக்கொண்டு நனைந்த கோழி மாதிரி ஆகிவிட்டார். மண்டபமே சிரித்தது. ஒரு நிமிடத்தில் எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காருங்க சார், இன்னும் அறுபத்தொன்பது நிமிஷம் இருக்கு"ன்னேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை. அப்பா தரையில் விழுந்த கதையை நான் சொல்ல, அதிகாரி அங்கே உட்கார்ந்தபடியேதான் கேட்டார். முடிந்து போகும்போது என்னிடம் வந்து, சாயந்தர வண்டியில் தான் ஒரு தடவைகூட வந்ததில்லை என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்து பார்த்துவிட்டல்லவா திட்டம் போட்டிருக்க வேண்டும்.

நேற்று பதில் வந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் பன்னிரண்டு மடக்கு இருக்கை சேர்ப்பார்கள், இடுப்பு உயரத்தில் கைப்பிடி வைப்பார்கள், எட்டு மாதத்தில். காஜா அக்கா கடிதத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள், எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. எட்டு மாதம் என்றால் அப்பாவுக்கு நூறு தடவைக்கு மேல்.

அப்பாவுக்கு என் மேல் மனத்தாங்கல், தன் வியாதியை ஊர் நடுவே விரித்துவிட்டேன் என்று. இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் இந்தச் செவ்வாய்க்கிழமை வண்டியில் ஏறியதும் நேராக மஞ்சள் இருக்கைக்குப் போய், அங்கே கண்ணை மூடியிருந்த பையனின் தோளைத் தட்டி, "தம்பி, நான் உக்காரணும்"னார். கெஞ்சவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் எழுந்துவிட்டான். வீடு வரும் வரை அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

கோபத்தில் எழுதியதில் ஒரு வார்த்தையையும் நான் அடிக்கப்போவதில்லை, நீயும் படித்துவிட்டு அழுதுகொண்டு உட்காராதே. முகச்சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, வேலைக்குப் போ. குளிரில் காதை மூடிக்கொள். உடம்பிலும் மனசிலும் ஒரு குறையும் இல்லாமல் நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், அது கோபத்துக்கு அப்பாற்பட்டது. ஒன்று மட்டும் மறக்காதே. இனி செவ்வாய், வியாழன், சனி ஏழு மணிக்கு அப்பாவைக் கூப்பிடு. எப்படி இருக்கீங்க என்று கேட்காதே, நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார். "இன்னைக்கு உக்கார இடம் கிடைச்சுதாப்பா?"ன்னு கேள்.

உன்னைத் திட்டவும் உரிமை உள்ள,
அம்மா