அண்ணன் பரிமாறிய சாப்பாடு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிறு மதியம் வெல்டிங் கூட்டாளிகளோடு ஒரு சின்ன இந்திய ஓட்டலுக்குப் போனேன். மொத்தமே ஐந்து மேசைதான். சாம்பார் வாளியோடு வந்தவர் என் அண்ணன். நான்கு வருஷமாக வீட்டுக்கு ஒரு வரி எழுதாத அதே அண்ணன். ஆள் நன்றாகத் தேறியிருக்கிறார், கவலை வேண்டாம்.

“அண்ணே!” என்று எழுந்துவிட்டேன்.

“ஆள் மாத்திப் பேசுறீங்க தம்பி. சாம்பார் ஊத்தவா?”

கூட்டாளிகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். கல்லாவில் இருந்த பெண்ணின் மடியில் ஒரு குழந்தை. அது அவரைப் பார்த்து “அப்பா” என்றது. அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கை கழுவும்போது பின்னாலேயே வந்தார். “பாத்தேன்னு வீட்டுக்கு எழுதிடாதடா,” என்றார். அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி ஞாயிறும் அறையிலேயே பொங்கிக்கொள்வேன். கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்பு. நீயும் நாலு பக்கம் எழுது, சும்மா எதையாவது எழுது.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. தபால்காரரைக் கண்டால் அண்ணி இன்னும் வாசலுக்கு ஓடிவருகிறாரா? இந்தக் கடிதத்துக்கும் ஓடிவருவார். உங்களுக்கு ஒன்றும் இல்லை அக்கா என்று சொல்லிவிட்டு, இதை அடுப்பில் போட்டுவிடு.

உன்னவன்