சதாசிவம் ஏன் பின்தங்குகிறான்

22-1-61, ஞாயிறு

பனி. விடிந்தும் தெருமுனை வேப்பமரம் தெரியவில்லை. பின்சக்கரத்துக்குக் காற்று, செயினுக்கு எண்ணெய், காதுக்கு மஃப்ளர். மஃப்ளரைக் காணோம். நேற்று கொடியில் கிடந்தது. பால்காரன் மேல் சந்தேகம்.

சைக்கிள் சங்கத்தில் இன்று எனக்கு முதல் நாள். ஆசைப்பட்டுச் சேரவில்லை. ஸ்டேஷனில் ஆறு நாள் பார்சல் எடை போடுகிறவனுக்கு ஏழாம் நாள் கால் நீட்டிப் படுத்தால் போதும். சேர்ந்தது கனகத்துக்காக. தங்கையைக் கேட்டு வந்திருக்கும் திண்டிவனத்துச் சதாசிவம் அந்தச் சங்கத்தில் இருக்கிறான். மல்லாட்டை மண்டியில் குமாஸ்தா, நாள் முழுக்க நிலக்கடலை மூட்டைக் கணக்கு. பெண் பார்க்க வந்த அன்று அவன் அப்பா சொன்னது:

"பையன் ஞாயித்துக்கெழமையானா முப்பது மைலு சைக்கிள் மிதிக்கிறான் தம்பி. இரும்பாட்டம் ஒடம்பு."

யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எதற்குச் சொன்னார்? 'உள்ளே ஒன்றும் உடையவில்லை' என்று தானாக வந்து சொல்கிறவனின் பெட்டியைத்தான் நான் முதலில் பிரித்துப் பார்ப்பேன்.

ஏற்பாடு இப்படி. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு. நாங்கள் விழுப்புரத்திலிருந்து, அவர்கள் திண்டிவனத்திலிருந்து. கூட்டேரிப்பட்டு முனை டீக்கடையில் இரண்டு கூட்டமும் சேர்ந்து, அங்கிருந்து ஏதாவது ஓர் ஊர். இன்று திண்டிவனம். செக்ரட்டரி ஜெகநாதன், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். விசில் ஊதுகிறார். இடது ஓரம், ஒருவர் பின் ஒருவர், பந்தயம் கூடாது. ஜவுளிக்கடைக்காரர், கம்பவுண்டர், நான்கைந்து வாத்தியார்கள். எல்லோர் ஹாண்டில்பாரிலும் சின்னக் கொடி.

சதாசிவம் (இனி ச.) ஒல்லி, உயரம், வெள்ளைச் சட்டை. "வாங்க சார்" என்று எழுந்து நின்றான். மரியாதை அதிகம். அதுவும் கவனிக்க வேண்டியது.

டீக்கடையிலிருந்து பக்கத்திலேயே வந்தான். நான் கேட்டதற்கெல்லாம் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. கொஞ்ச தூரம் போனதும் இறங்கிவிட்டான்.

"நீங்க போய்க்கினே இருங்க சார். செயின் கழண்டுகிச்சி. மாட்டிக்கினு வர்றேன்."

திண்டிவனத்தில் எல்லோரும் இட்லி தின்று கை கழுவிய பிறகு வந்து சேர்ந்தான். முதலில் அவன் விரல்களைப் பார்த்தேன். சுத்தம். செயின் மாட்டியவன் விரலில் கறுப்பு இல்லை.

"எங்க கழுவினீங்க?"

"ஏரியிலங்க."

சட்டைக் கை முழங்கை வரை காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

தொடை இரண்டும் என்னுடையவை இல்லை போல் வலி. மனைவி சரோஜா ஒத்தடம் கொடுக்கும்போது சிரித்தாள். என்ன சிரிப்பு என்று கேட்டால் ஒன்றுமில்லையாம்.

25-1-61, புதன்

மேகமூட்டம். மழை இல்லை. மஃப்ளர் இன்னும் கிடைக்கவில்லை.

கூட்டேரிப்பட்டிலிருந்து வெற்றிலைக் கூடை அனுப்புகிறவர் ஸ்டேஷனுக்கு வந்தார். சும்மா கேட்பது போல் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர்களில் ஒல்லியாக ஒருத்தர், வெள்ளைச் சட்டை?

"ஆமாங்க. எங்க ஏரிக்கரையாண்ட கொல்லைக்குத் தண்ணி எறைக்கிற மோட்டார் கொட்டா ஒண்ணு கீது. வண்டிய ஓரமா சாத்திட்டு உள்ள போவாரு. ரொம்ப நேரம் கழிச்சி வருவாரு."

"கொட்டாய்ல யாரு?"

"யாரு கீறாங்க, எனக்கு இன்னா தெரியும்? கரும்புக் கொல்லை பக்கம் நான் எதுக்குங்க போறேன்."

வீட்டில் சரோஜாவிடம் மட்டும் சொன்னேன். "பொம்பள விஷயமாத்தான் இருக்கும்" என்றாள், யோசிக்காமலே. சமையலறையில் கனகம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு மறுபடி களைந்தாள்.

5-2-61, ஞாயிறு

பனி குறைவு. இன்று மயிலம்.

ச. மறுபடி காணாமல் போனான். இந்தத் தடவை செயின் இல்லை, தெரிந்தவர் ஒருவரைப் பார்க்க வேண்டுமாம். மலையடிவாரத்தில் வரிசை கலைந்து உட்கார்ந்திருந்தபோது முதுகுப்பக்கம் இரண்டு திண்டிவனத்துக்காரர்கள் பேசியது:

"எங்க நம்ம மண்டிக்காரு?"

"வருவாரு. பூசைய முடிச்சிக்கினு வருவாரு."

சிரிப்பு. நான் திரும்பியதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

வந்தான். கண் சிவந்திருந்தது. பக்கத்தில் உட்காரச் சொன்னேன். சட்டையில் ஒரு வாசனை. பீடி இல்லை, சுருட்டு இல்லை. ஏதோ பச்சிலை கருகிய நாற்றம். கஞ்சா?

செக்ரட்டரியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "தங்கமான பையன் சார். சங்கத்துல சேத்துவுட்டதே அவங்க அப்பாதான். ஆனா எப்பவும் கடேசியா வர்றான். விசில் ஊதி ஊதி எனக்குப் பேஜாராப் பூட்டுது." இவரும் எதையோ விழுங்குகிறார் என்று தோன்றியது. ஒருவேளை வடையாக இருக்கலாம். கையில் இருந்தது.

திரும்பும்போது எதிர்காற்று. விக்கிரவாண்டி தாண்டியதும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். யாரும் பார்க்கவில்லை.

7-2-61, செவ்வாய்

கனகமே கேட்டாள். மறைக்க முடியவில்லை. கொட்டாய், வாசனை, சிவந்த கண், எல்லாம் சொன்னேன்.

"கஞ்சா குடிக்கிறவரு எதுக்குண்ணா இம்மாம் தூரம் மிதிச்சிக்கினு வந்து குடிக்கணும்? அவங்க ஊர்ல எடம் இல்லியா?"

அடுத்த சந்தேகத்தை எடுத்தேன்.

"அப்போ பொம்பள."

"பொம்பளையப் பாக்கப் போறவரு நாப்பது பேரு கூட்டத்தோட, கொடி கட்டிக்கினா போவாரு?"

எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். இருபத்து நான்கு ஆகிறது. இதற்குமுன் வந்த மூன்று வரன்களையும் வேண்டாம் என்றவன் நான். ஒருவன் ஜாதகத்தில் அடித்துத் திருத்தி இருந்தது. ஒருவனுடைய அப்பா எல்லாவற்றுக்கும் சிரித்தார். மூன்றாமவன் ஏன் என்று இப்போது நினைவில்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அவளை ஒருதடவையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அழகாக இருக்கிறான் என்று ஒருவனைச் சொல்லியிருப்பாள், அப்புறம் அழுவது யார்?

மஃப்ளர் கிடைத்தது. என் அலுவலக அலமாரியில். பால்காரனிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. நல்லவேளை.

19-2-61, ஞாயிறு

காலையில் கடும் பனி. வரிசையாகச் சொல்கிறேன்.

டீக்கடையில் விசில் ஊதியதும் முதல் ஆளாக ஏறினேன். வளைவு தாண்டியதும் இறங்கி, சைக்கிளைப் புளியமரத்துக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டேன். வாத்தியார்கள் போனார்கள். கம்பவுண்டர் போனார். கொடிகள் எல்லாம் போய்விட்டன. ச. வரவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏரிக்கரை வழியாகத் திரும்பி நடந்தேன். ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் தண்ணீர். மோட்டார் கொட்டாய் சுவரில் அவன் வண்டி.

உள்ளே போகுமுன் ஒரு சத்தம் கேட்டது. விசில் போல. செக்ரட்டரிதான் எனக்குமுன் வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

விசில் அவன் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. தரையில் குந்தி, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டிருந்தான். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. வாய் திறந்திருந்தது, காற்று போகவில்லை. உதடு நீலம். பக்கத்தில் சுருட்டிய இலை ஒன்று புகைந்துகொண்டிருந்தது. கொட்டாயில் வேறு யாரும் இல்லை. மோட்டாரும் அவனும்தான்.

என்னைப் பார்த்தான். எழ முயன்றான். முடியவில்லை.

"உக்காருங்க" என்றேன். முதுகைத் தடவலாமா கூடாதா என்று தெரியவில்லை. பிறகு தடவினேன். சட்டைக்குள் எலும்பு எண்ணலாம் போல் இருந்தது.

வெகு நேரம் கழித்து, ஒரு வார்த்தை, ஒரு மூச்சு என்று பேசினான்.

"இழுப்புங்க. சின்ன வயசுலருந்து. மண்டியில மல்லாட்டத் தோலு தூசி. பனி வேற. இது ஊமத்தை எலை. வைத்தியர் குடுத்தது. இதக் குடிச்சா கொஞ்சம் உடும்."

"காசமா?"

"இல்லீங்க."

"எப்படி இல்லன்றீங்க?"

"படம் புடிச்சிப் பாத்தாச்சிங்க."

"எங்க? எப்ப? யாரு பாத்தாங்க?"

அந்த நிலையிலும் கேட்டேன். அவனும் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னான்.

இதற்குமுன் இரண்டு இடத்தில் பெண் பேசியிருக்கிறார்கள். நோயாளி என்று யாரோ சொல்லிவிட, இரண்டும் நின்றுவிட்டது. அதன்பிறகுதான் அப்பா சைக்கிள் வாங்கிக் கொடுத்துச் சங்கத்தில் சேர்த்திருக்கிறார். ஊர் பார்க்கட்டும் என்று.

"அப்ப மண்டித் தூசிக்கு மேல இது வேறயா? உட்டுட வேண்டியதுதான?"

"உங்க வீட்ல பேச ஆரம்பிச்சதும் உட்டுடலாம்னுதாங்க இருந்தேன்." மூச்சு வாங்கினான். "நீங்க வந்து சேந்துட்டீங்க."

நான் வேவு பார்க்க மிதித்த ஒவ்வொரு மைலுக்கும் அவன் எனக்காக ஒரு மைல் மிதித்திருக்கிறான். பனியில். அந்த நெஞ்சோடு.

"வூட்ல சொல்லிடுங்க சார்" என்றான். "நானே சொல்லணும். தைரியம் வரல."

இரண்டு சைக்கிளையும் நானே தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். ஒரு கையில் ஒன்று, ஒரு கையில் ஒன்று. அவன் மெதுவாகப் பின்னால். அவனைத் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றி, வண்டியை மேலே போட்டுக் கட்டச் சொன்னேன். கண்டக்டர், "இன்னாங்க, ரேஸுல தோத்துட்டாரா?" என்றான். பேசாமல் கட்டுப்பா என்றேன்.

செக்ரட்டரி கேட்டால்: எனக்கு வயிறு சரியில்லை, ச. துணைக்கு நின்றான். இதுதான் சொல்ல வேண்டியது.

22-2-61, புதன்

லீவு. ச. ரயிலில் வந்தான், எக்ஸ்ரே படத்தோடு. இங்கே நம் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவன் காட்டிய படம் அவனுடையதுதானா என்று யாருக்குத் தெரியும், அதனால் புதிதாக ஒன்று எடுக்கச் சொன்னேன். ச. முகம் சுளிக்கவில்லை. சட்டையைக் கழற்றிக்கொண்டு போய் நின்றான்.

டாக்டர் இரண்டு படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆஸ்துமா. காசம் இல்லை. ஒட்டாது. தூசியும் பனியும் ஆகாது. மண்டியை விட்டால் பாதி குறையும். ஊமத்தையை விட்டுவிட வேண்டும், மாத்திரை தருகிறேன் என்றார்.

"நிச்சயமா காசம் இல்லீங்களே?"

"இல்ல."

"பொண்ணு குடுக்கற எடம். அதனால கேக்கறேன்."

"இல்லன்னு சொல்லிட்டேனே."

மூன்றாம் தடவையும் கேட்டேன். "நீங்க போலீஸா?" என்றார் டாக்டர். பார்சல் ஆபீஸ் என்றேன். ச. முதல் தடவையாகச் சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

வீட்டில் சொன்னேன். சரோஜா: "வாணாங்க. தெரிஞ்சே கெணத்துல தள்றதா? நாளைக்கி ஒண்ணு ஆச்சின்னா ஊரு உங்களத்தான் கேக்கும்." அவள் சொல்வது தப்பில்லை. நானும் வேண்டாம் என்ற பக்கம்தான் பாதிக்குமேல். நோயைவிட, மறைத்ததுதான் உறுத்துகிறது. இதை மறைத்தவன் வேறு எதை மறைக்கமாட்டான்?

கனகம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடியட்டும் என்று காத்திருந்தாள் போல.

"மூணு பேரையும் நீயே பாத்த, நீயே வாணான்ன. நான் வாயத் தொறக்கல. இவர நான் பாக்கணும்ண்ணா. வரச் சொல்லு. ஒரே ஒரு வார்த்தை கேக்கணும்."

"என்னா கேக்கப் போற?"

"அத அவர்கிட்டதான் கேப்பேன்."

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன், எதற்கென்று தெரியாமலே.

26-2-61, ஞாயிறு

வெயில். பனி விட்டுவிட்டது போல.

ச. காலை பஸ்ஸில் வந்தான். தனியாக. அப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டானாம். அவர் இரண்டு நாளாகப் பேசவில்லையாம். மண்டியை விட்டுவிட்டு, ஜவுளிக்கடை ஒன்றில் கணக்குப் பார்க்கக் கேட்டிருக்கிறான். கடை யாருடையது, எந்தத் தெரு, எல்லாம் கேட்டுக்கொண்டேன். விசாரிக்க வேண்டும்.

கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். நுனியில் உட்கார்ந்தான். நெஞ்சைக் கவனித்தேன். சத்தம் இல்லை. சரோஜா காப்பி கொண்டுவந்து வைத்தாள், முகத்தைப் பார்க்காமல். கனகம் காப்பி கொண்டுவரவில்லை. பொட்டு மட்டும் சரி செய்துகொண்டு நேராக வந்து சுவரோரம் நின்றாள். புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நோவு வர்றது யார் கையிலயும் இல்ல" என்றாள் அவனிடம். "அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா மறைச்சிட்டீங்க. வேற எதுனா மறைச்சி வெச்சிக்கினு கீறீங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் தெரிஞ்சா தாங்க மாட்டேன்."

நான் கேட்க நினைத்த அதே கேள்வி. நான் கேட்டிருந்தால் இன்னும் நாலு சேர்த்திருப்பேன்.

ச. உடனே இல்லை என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது. டம்ளரைக் கீழே வைத்தான். என்னை ஒரு தடவை பார்த்தான். கனகத்தைப் பார்த்தான்.

"ஒண்ணு இருக்குதுங்க."

சரோஜா கதவருகில் நின்றுவிட்டாள்.

"எனக்கு சைக்கிளே புடிக்காதுங்க."

கனகம் சட்டென்று உள்ளே போய்விட்டாள். சமையலறையிலிருந்து ஒரு சத்தம். அழுகை என்று எழப்போனேன். சிரிப்பு.