லட்டு கையில் ஏறிவிட்டது

ஏனுங்க,

உங்கள் பழுப்புச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருக்கிறேன். நீங்கள் போன பிறகு இரண்டு முறை துவைத்தும் கோழித்தீவன வாடை போகவில்லை. தீவனத்தில் கலக்கும் அந்தக் கருவாட்டுத்தூள் வாடைக்காகவே, பண்ணையிலிருந்து வந்ததும் இதைக் கழற்றி வெளிக்கொடியில் போடச் சொல்லிச் சண்டை பிடிப்பேன். அழுவதற்காக இதை எடுத்துப் போட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஒரு வேலை இருக்கிறது.

நம் மகள் வளர்க்கும் ஹாம்ஸ்டர் இப்போது நம் வீட்டில் இருக்கிறது. எலி ஜாதிதான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், வால் இருப்பதே தெரியாது, பெயர் லட்டு. அவளைக் கம்பெனியில் ஒரு மாதப் பயிற்சிக்கு வெளிநாடு அனுப்பினார்கள். பெங்களூரிலிருந்து கூண்டோடு கொண்டுவந்து வைத்தவள், கிளம்பும்போது ஒரு குண்டையும் போட்டாள்.

“நீ ஒழுங்கா சாப்பிடறதுமில்ல, மாத்திரை போடறதுமில்ல. இந்த ஒரு மாசம் இதையாவது நல்லாப் பாத்துக்கறயான்னு பாக்கறேன். இல்லீன்னா ஊட்டைப் பூட்டிட்டு என்கூட வந்தரோணும்மா.”

எனக்குச் சுருக்கென்றது. நீங்களும் நானும் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு, பெங்களூரில் அவளுடைய பதினோராவது மாடியில் போய் உட்காரவா? எலியா நானா, பார்த்துவிடலாம் என்று முந்தானையை இழுத்துச் செருகினேன்.

முதல் வாரம் எலிதான் ஜெயித்தது. கையை விட்டால் கடி. பகலெல்லாம் மரத்தூளுக்குள் புதைந்து தூங்கும், பொழுது சாய்ந்தால் எழுந்து சக்கரத்தில் ஓடும். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க்கா, ஊரே எலிக்குப் பொறி வெக்குது, நீங்க ஊடு கட்டிக் குடுத்திருக்கறீங்களா?” என்று சிரித்தாள். என் இரண்டு விரல்களில் பிளாஸ்திரி.

ஒன்பதாம் நாள் அதன் முகம் இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. பண்ணைக்காரர் பெண்டாட்டி அல்லவா நான், கோழிக்கு வரும் முகவீக்கம் என்றே முடிவு கட்டிவிட்டேன். சீக்குக் கோழியை நீங்கள் ஒதுக்குவது போலவே அதைத் தனி டப்பாவில் ஒதுக்கிவிட்டு, கால்நடை டாக்டரின் போன் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அது முன்னங்கால்களால் கன்னத்தை அழுத்தி, சூரியகாந்தி விதைகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளியது. பதினான்கு விதை! வாய்க்குள்ளேயே பை வைத்திருக்கிறான் கள்ளன். நீங்கள் போன பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும், இதைச் சொல்ல நீங்கள் இல்லையே என்று அழுதேன்.

பிறகு, இது ஏன் என் கையைக் கண்டாலே கடிக்கிறது என்று யோசித்தபோதுதான் உங்கள் கோழி ஷெட் நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் உங்களுக்குச் சோறு கொண்டுவந்தவள், பளபளவென்று ஆரஞ்சுச் சேலையோடு நேராக ஷெட்டுக்குள் நுழைந்துவிட்டேன். அத்தனை கோழியும் ஒரே நேரத்தில் மிரண்டு எழும்பியது. ஓடி வந்தீர்கள், திட்டவில்லை. “அதுகளுக்கு ஆரு வாரதுன்னு மொதல்ல தெரியோணும் புள்ள. அப்பறந்தான் உள்ள போவோணும்” என்றீர்கள். அதற்காகத்தான் தினமும் அதே பழுப்பு நிறம், அதே நேரம், கதவுக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமி “வாரேன் சாமி, வாரேன்” என்ற குரல். பழக்க தோஷத்தில் நம் வீட்டு வாசலிலும் செருமுவீர்கள். “நான் என்ன முட்டையா போடறேன், செருமிக்கிட்டு வாரீங்க?” என்பேன். “நீயும் மிரள்ற ஜாதிதான்” என்பீர்கள்.

மறுநாளே பீரோவைத் திறந்து உங்கள் சட்டையை எடுத்தேன். லட்டுவுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாதாம், வாசம்தான் எல்லாமாம், மகள் போனில் சொன்னாள். வாசத்துக்கு உங்கள் சட்டையை மிஞ்ச முடியுமா? பொழுது சாயும் நேரத்தில் சட்டையைப் போட்டு, செருமி, “வாரேன் சாமி” என்று சொல்லிவிட்டுக் கூண்டுக்குள் உள்ளங்கையை விரித்து வைப்பேன். துரத்த மாட்டேன், பிடிக்க மாட்டேன். பகல் வெயிலுக்கு ஜன்னலில் நனைத்த சாக்கு, உங்கள் ஷெட்டில் தொங்குமே, அதே மாதிரி. அதற்கு வெள்ளரிக்காய் நறுக்கும்போது எனக்கும் நறுக்கிக்கொண்டு, கூண்டுக்கு எதிரே தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்பதே எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

மூன்றாம் வாரம் ஒருநாள் அது முகர்ந்து முகர்ந்து வந்து என் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது. எனக்கு மூச்சுவிடவே பயமாக இருந்தது.

நேற்று மகள் வந்தாள். வந்த வேகத்தில் கூண்டுக்குள் கையை விட்டாள், அது மரத்தூளுக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. “தள்ளு கண்ணு” என்று நான் செருமினேன். லட்டு வெளியே வந்தது, என் கையில் ஏறியது, அங்கேயே உட்கார்ந்து கன்னம் நிறைய விதையை அடைத்துக்கொண்டது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்பில் கொதிக்கும் குழம்பைப் பார்த்தாள்.

“சரிம்மா. நீ இங்கயே இரு. இவனையும் நீயே வெச்சுக்க. மாத்திரை?”

“போட்டாச்சு சாமி.”

ஜெயித்துவிட்டேனுங்க! தெருவில் இறங்கிக் கத்த வேண்டும் போல இருந்தது.

ஆனாலும் ஒன்று பாக்கி இருக்கிறது. இருபத்தாறு வருடம் உங்களோடு மல்லுக்கு நின்றவள், ஒரு நாளாவது நீங்கள் சொன்னது சரி என்று ஒத்துக்கொண்டிருக்கிறேனா? ஒத்துக்கொண்டால் உங்களைக் கையில் பிடிக்க முடியாது என்ற பயம். அன்றைக்குக் கோழி ஷெட்டில் நீங்கள் சொன்னதற்கு இப்போது சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்க சொன்னது சரிதானுங்க.