எடைக்குப் போன பித்தளை

என் அருமை அண்ணாவுக்கு,

கையில் கிரீஸ் காய்வதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். தாளில் கறை பட்டால் முகம் சுளிக்காதே, இந்தக் கறையை எனக்குப் பழக்கியவனே நீதான். அம்மாவுக்கு எழுத்து தெரியாது என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. உனக்கு வந்த காய்ச்சல் உன்னோடு போயிற்று. நீ கழற்றிப் போட்ட மோட்டார் சைக்கிள் மட்டும் நம் முத்தியால்பேட்டை வீட்டுக் கூடத்தில் அப்படியே கிடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய வருஷம் யாரோ ஒரு பட்டாளத்துத் துரை விட்டுவிட்டுப் போன பழைய வண்டி. மணல், சேறு, மேடு பள்ளம் எதிலும் போகும் என்று அதன் தடித்த டயரைத் தட்டிக் காட்டினாய். "மொதல்ல வாசப்படியத் தாண்டட்டும்" என்றாள் அம்மா. ஞாபகம் இருக்கிறதா?

ஆனாலும் நீ அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாய். வண்டி கிளம்பியதும் முதல் சவாரி அவளுக்குத்தான், வைத்திக்குப்பம் மணலில், அலையை ஒட்டி. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இப்போதெல்லாம் அவள் சிரிப்பதில்லை அண்ணா. சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிடுகிறாள். வாய் திறந்து கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அந்த வண்டிய ஒரு தபா சத்தம் போட வையேன்டி. அவன் ஆசப்பட்டான்ல, நான் காதால கேட்டுக்கறேன்."

அதற்காகத்தான் நான் வேலையில் இறங்கினேன். நீ மில்லிலிருந்து வந்து வண்டியைக் குடையும்போதெல்லாம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் நான்தானே. "கல்யாணம் ஆவப் போற பொண்ணு செய்யற வேலையா இது?" என்று பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே வந்து அவளே சக்கரத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். துரு ஏறிய சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். எஞ்சினை நீ சொல்லித் தந்தபடியே பூட்டினேன். மிஞ்சியது கார்பரேட்டர் ஒன்றுதான்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான் அது, அது இல்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் இரும்பு என்று நீதானே சொல்வாய்? பரண், கட்டிலடி, அரிசிப் பானை வரைக்கும் தேடினேன். கிடைக்கவில்லை.

எனக்குச் சேர்த்திருக்கும் சீர்ப் பாத்திரங்களைப் பார்க்க அத்தை வந்திருந்தார். பழைய பித்தளையை எடைக்கு வாங்கிக்கொண்டு புதுப் பாத்திரம் தருகிறவரிடம் குடம் வாங்கிய கதையை அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஓட்ட அண்டாவப் போட்டும் கொடத்துக்கு எட கொறஞ்சிது. அடுப்படியில பாத்திரத்தோட பாத்திரமா ஒரு பொடிப் பித்தள கெடந்துச்சு. அதையும் தூக்கிப் போட்டேன், தராசு சரியா நின்னுடுச்சு."

அவள் தூக்கிப் போட்டது உன் பித்தளைக் கார்பரேட்டர். அண்ணா, அதை நீ ஏன் புளி போட்டுத் தேய்த்தாய்? தேய்த்ததோடு விட்டாயா, கழுவின பாத்திரங்களுக்கு நடுவில் காயவும் வைத்தாயே. அப்படி மின்னுகிற ஒன்றை மோட்டார் சாமான் என்று எந்தப் பெண்பிள்ளை நினைப்பாள்? யாரைத் திட்டுவதென்று தெரியாமல் அன்றைக்கெல்லாம் உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பாத்திரக்காரரைத் தேடிப் பிடித்தேன். "அதெல்லாம் அப்பவே உருக்கப் போயிடுச்சும்மா" என்றார். கடலூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து வேறு வண்டியின் கார்பரேட்டரை வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. "பிரான்ஸுலேர்ந்து வந்தாத்தான் உண்டு" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே எனக்கு யாரைத் தெரியும்?

அம்மாவிடம் எந்த வாயால் சொல்வேன்? பெண் வெறுங்கையோடு புகுந்த வீட்டுக்குப் போகக்கூடாது என்றுதானே செய்தாள்? அதற்காக மகனுடைய ஆசையைத் தன் கையாலேயே தராசில் போட்டுவிட்டோம் என்று தெரிந்தால் அவள் பிழைக்க மாட்டாள்.

அதனால் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கூத்து நடக்கிறது. விளக்கேற்றிவிட்டு அம்மா வண்டிக்கு எதிரே மணைபோட்டு உட்காருகிறாள். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உதைக்கிறேன். கார்பரேட்டர் இருக்கவேண்டிய இடத்தைத் துணி சுற்றி மறைத்திருக்கிறேன். டாங்க்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடையாது. கிளம்பவே கிளம்பாது என்று தெரிந்தும் உதைக்கிறேன். நான் வேறு என்னதான் செய்வேன்?

போன வெள்ளிக்கிழமை அம்மா எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள். "வுடுடி, காலு போயிடப் போவுது. உங்கண்ணன் கைராசி ஒனக்கு இல்ல."

"ஆமாம்மா, எனக்குத்தான் தெரியல" என்றேன். பிறகு கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

தை பிறந்தால் எனக்குக் கல்யாணம். அதுவரைக்கும் உதைப்பேன். அப்புறம் பிறந்த வீட்டுக்கு வருகிற போதெல்லாம் வந்து உதைப்பேன். கைராசி இல்லாதவள் என்ற பெயர் என்னோடே இருக்கட்டும், என் வாயால் அம்மா காதுக்கு உண்மை போகாது. இது சத்தியம். நீயும் எனக்காக ஒன்று செய். என்றைக்காவது அம்மா உன்னிடம் வந்து சேருவாள். வந்ததும் வராததுமாக, வண்டி ஏன் கிளம்பவில்லை என்றுதான் கேட்பாள். தங்கச்சிக்கு வேலை தெரியாது என்று சொல்லிவிடு, அண்ணா.

உன் கூடப் பிறந்தவள்,
சரோஜா