கோர்ட்டில் நான் சொன்ன ‘ஆமாம்’

பைன் லிக், கென்டக்கி
நவம்பர் 9

அன்பு மகன் காலெப்புக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். அலாஸ்காக் குளிரில் மீன் வெட்டுகிற உன் விரல்கள் நோகாமல் இருக்க தினமும் ஜெபிக்கிறேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாய். ஊரார் வாயிலிருந்து உனக்கு வருவதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன், நானும் அப்பாவும் போன மாதம் விவாகரத்து வாங்கிவிட்டோம். சண்டை ஒன்றுமில்லை. கோர்ட்டுக்கு ஒரே காரில்தான் போனோம், அவருக்குத் தலைசுற்றல் என்று நான்தான் ஓட்டினேன்.

பள்ளிக்கூடச் சமையலறையில் எங்களுக்கெல்லாம் கூலியைத் துளி ஏற்றினார்கள். பின்னாலேயே அரசாங்கக் காப்பீட்டு ஆபீசிலிருந்து காகிதம் வந்தது, என் வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டதாம், அதனால் அப்பாவின் இலவச வைத்திய அட்டை இனிச் செல்லாதாம். ரத்தப் புற்றுக்கு அவர் சாப்பிடும் மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று அதில் எழுதவில்லை. பள்ளிக்கூடக் காப்பீட்டில் அவரைச் சேர்த்தால் என் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும். எனக்குக் கூட்டின கூலி வேண்டாம், பழையதையே கொடுங்கள் என்று மேலாளரிடம் போய் நின்றேன். “கூட்டிக் கேக்கறவங்களத்தான் பாத்திருக்கேன் வெர்னா, உனக்கு மட்டும் குறைக்க எனக்கு அதிகாரமில்லையே” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பீட்டு ஆபீசுக்கு மூன்று முறை நடந்தேன். மூன்றாம் முறை ஜன்னலில் இருந்த பெண் குரலைத் தாழ்த்தி, “நான் சொன்னதா சொல்லாதீங்கம்மா, உங்க வீட்டுக்காரர் தனி ஆளா இருந்தா உங்க சம்பளத்தக் கணக்குல சேக்க மாட்டாங்க” என்றாள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். அப்பா, “என்னை வச்சுக் காப்பாத்தறதவிட வெட்டி விடறது மலிவு, அப்படித்தான?” என்றார்.

நீதிபதிக்கு உன் வயதுதான் இருக்கும். சத்தியம் வாங்கிக்கொண்டு, “இந்தக் கல்யாணம் இனி ஒட்டவைக்க முடியாதபடி முறிஞ்சுபோச்சாம்மா?” என்று கேட்டார். அப்பா தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷம், காலெப். ஆமாம் என்றேன். கோர்ட்டில் பேசுவதை எழுதுகிறவருக்குக் கேட்கவில்லையாம், இன்னொரு தடவை உரக்கச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

இப்போது புது அட்டை வந்துவிட்டது, மாத்திரையும் ஒழுங்காக வருகிறது. சோம்பேறிகள்தான் அரசாங்க உதவிக்கு அலைகிறார்கள் என்று நேற்று டிவியில் ஒருவர் பேசினார், அணைத்துவிட்டேன். நீ அடுத்த வேலைக்குப் போனால் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்குமுன் காப்பீடு உண்டா, குடும்பத்துக்கும் சேர்த்தா என்று கேள். கூச்சப்படாதே.

கிறிஸ்துமஸுக்கு வருவாய் என்றால் ஒன்று சொல்ல வேண்டும், உன் அறை இப்போது உனக்கில்லை. கோர்ட்டிலிருந்து வந்த அன்றே அப்பா தலையணையை எடுத்துக்கொண்டு உன் கட்டிலுக்குப் போய்விட்டார். காகிதத்துக்காகச் செய்ததுதானே, இங்கேயே படுங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். “கர்த்தர் பேரால சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கோம் வெர்னா, சொன்ன பொய்யில பாதியையாவது உண்மையாக்கிடறேன்” என்கிறார். உனக்குக் கூடத்து சோபாதான், கனத்த போர்வை ஒன்று கொண்டு வா.

கர்த்தர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

உன் அம்மா,
வெர்னா