சுபேதார் வண்டி நிற்காத நாட்கள்

12.3.1995
இன்று தெருவில், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ராஜாங்கம் சுபேதாரின் புல்லட் வண்டி போனது. சத்தம் கேட்டதும் வரிசையாகக் கதவுகள் சாத்திக்கொண்டன. நானும் சாத்தினேன். பட்டாளத்தில் இருப்பவர் வீட்டுக்குச் சாவுத் தந்தி வந்தால், தபால்காரர் முதலில் நைனார்பாளையம் போய் அவரிடம்தான் கொடுக்கிறார். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் மெடல் குத்திக்கொண்டு வந்து சொல்வார். தை மாதம் என் தம்பி மாயவன் செத்ததை அப்படித்தான் வந்து சொன்னார். அப்பா அம்மா இல்லாத பையன், நான் தூக்கி வளர்த்தவன். இன்னமும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் அக்கா அந்த வண்டிக்கு வைத்த பேர், எமன் வண்டி.

2.4.1995
என் வீட்டுக்காரரிடமிருந்து கடுதாசி. பட்டாளத்தில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். இருபது வருஷம் போதாதா? மாயவனைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் இவர்தானே? புதிதாக வருகிற பசங்களுக்குப் பனிமலை ஏறச் சொல்லித்தர ஆள் வேண்டுமாம். எனக்கு ஆள் வேண்டாமா?

19.4.1995
எழுதியே ஆகணும்.

காலையில் குழாயடியில் இருந்தேன். வண்டி வந்து எங்கள் வாசலில் நின்றது. இஸ்திரி சட்டை. மெடல். குடத்தைப் போட்டுவிட்டுக் கத்தினேன் — "வராத! எங்கிட்ட வராத!" கையிலிருந்த வளையலையெல்லாம் குழாயில் அடித்து உடைத்துவிட்டேன். குஞ்சம்மாள் அக்கா மண்ணை வாரி அவர்மேல் இறைத்தாள். "எத்தினி பேரு தாலிய அறுத்தா ஒனக்கு அடங்கும்?"

அவர் மண்ணைக்கூடத் தட்டவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். சத்தம் ஓய்ந்ததும்தான் பேசினார். "ஒன் வூட்டுக்காரருக்கு ஒண்ணுமில்லம்மா. மாயவன் துணிமணி வச்சிருந்த பொட்டி ரயில் ஸ்டேஷனுக்கு வந்துகீது. நீதான் வந்து வாங்கணும்."

"அதுக்கு இன்னாத்துக்குய்யா இந்தச் சட்டையப் போட்டுகினு வந்த?" என்றாள் அக்கா.

"சிப்பாய் பொட்டிம்மா. லுங்கி கட்டிகினு வந்து சொல்றதா?"

அவர் போனபிறகு எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். புருஷன் உயிரோடு இருக்கும்போதே வளையலை உடைத்தவள் நான்.

3.5.1995
கடுதாசி இல்லை. புது வளையல் போட்டும் கை மொட்டையாகவே தெரிகிறது.

21.5.1995
இன்னும் இல்லை. வளையலை உடைத்து, சாவை நானே கூப்பிட்டுவிட்டேனோ?

நைனார்பாளையம் போனேன். சுபேதார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கப் போனவள் மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவராகவே சொன்னார்: "கடுதாசி வர்லன்னு பயப்படாதம்மா. நான் வர்ற வரிக்கும் அவரு நல்லாகிறாருன்னு வச்சிக்க."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். அப்படியானால் அவர் வந்தால்?

2.6.1995
இப்போது கதவைச் சாத்துவதில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து நிற்கிறேன். வேகம் குறையாமல் போகணும், அவ்வளவுதான்.

இன்று எங்கள் வாசலருகே குறைந்தது. குறுக்கே ஒரு நாய்.

18.6.1995
கடுதாசி வந்தது! இவர் கையெழுத்துதான். பனி சரிந்து வழி மூடிக் கிடந்ததாம். சுபேதாருக்கு நாங்கள் செய்ததை எழுதியிருந்தேன். அதற்கு எழுதுகிறார்: "இருபத்தெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்த மனுஷன். பென்ஷன் வாங்கிக்கொண்டு நிழலில் உட்காரலாம். நம் பசங்க சாவு, தபால்காரர் சைக்கிளில் இருந்தபடியே நீட்டிவிட்டுப் போகிற சேதியாக இருக்கக் கூடாது என்றுதான் அந்தச் சட்டையைப் போடுகிறார். அவரைக் கண்டால் எழுந்து நில்."

நாலு தடவை படித்தேன். பிறகுதான் தேதியைப் பார்த்தேன். போன மாசம் எழுதியது.

9.7.1995
வண்டி வாசலில் நின்றது. சட்டையும் மெடலும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் எழுந்துவிட்டேன்.

"ஒனக்கில்லம்மா" என்றார் இறங்குவதற்கு முன்பே. "மலையடிவாரத்துல ஒரு பொண்ணு. கல்யாணம் ஆயி ஒரு வருசங்கூட ஆவல. வூட்ல வேற யாரும் இல்லியாம். சேதி சொல்லச்சொல்ல உழுந்துட்டா நான் தொட்டுப் புடிக்க முடியாது. நீ வர்றியா?"

எழுந்தே நின்றிருந்தேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்.

அந்தப் பெண்ணுக்கு எங்களை யாரென்று தெரியவில்லை. அவர் மெடலைப் பார்த்துவிட்டு, "அவுரு கூட வேல செய்றவங்களா? உள்ள வாங்க" என்று சிரித்தாள். உள்ளே குழம்பு கொதிக்கிற வாசனை. சுபேதார் நேராக நின்றார்.

நான்தான் பேசினேன்.

"அடுப்ப அணச்சிட்டு வாம்மா."